ஒற்றைத் தண்டவாளப் பெட்டி: பட்டியாலாவில் மிஞ்சியதும் மூணாறில் மிஞ்சாததும்

டெல்லி சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு சின்னப் பயணிகள் பெட்டி இருக்கிறது. முன்னால் ஒரு குட்டி நீராவி என்ஜின். இரண்டுக்கும் அடியில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு சட்டம் வெளியே நீண்டிருக்கும். அதன் முனையில் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று தரையில் உருளும். மறுபக்கம் வெறும் காற்று.

பஞ்சாபில், பட்டியாலா சமஸ்தானத்தில், 1907 முதல் 1927 வரை ஓடிய மோனோரயில் அது. அதைப் பற்றி மூணாறில் உட்கார்ந்துகொண்டு எழுதக் காரணம் இருக்கிறது. இதே ஏற்பாட்டில், பட்டியாலாவுக்கு ஐந்து வருடம் முன்பே, 1902-ல், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மோனோரயில் போயிருக்கிறது. இந்தியாவின் முதல் மோனோரயில் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஈவிங் என்ற பிரிட்டிஷ்காரர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய முறை இரண்டுக்கும் மூலம். அதாவது இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

ஒன்றின் பெட்டி இன்றைக்கும் டெல்லியில் நிற்கிறது. மற்றதில் ஒரு வண்டிகூட மூணாறில் காட்சிக்கு இல்லை. பஞ்சாப்காரர்களுக்குச் சரித்திரத்தில் அக்கறை அதிகம், நமக்குக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். விவரத்துக்குள் இறங்கினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. பட்டியாலா வண்டியை யாரும் காப்பாற்றவில்லை. யாரும் கண்டுகொள்ளவில்லை, அதனால்தான் பிழைத்தது. எஸ்டேட் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவன் நான். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்துத்தான் பழக்கம். இந்த ஆய்வும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கவிழாமல் நிற்பது எப்படி

டெல்லியில் வேலை பார்க்கும் என் தங்கச்சி மகன்தான் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தவன் முதலில் கேட்டதே இதுதான்: "மாமா, இது இந்தப் பக்கமா கவுந்துராதா?"

சரியான கேள்வி. ஈவிங் முறையின் சூட்சுமம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பெட்டியின் அடியில், நீளவாக்கில், ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னச் சக்கரங்கள். அவை தண்டவாளத்தின் மேல் ஓடுபவை. சாதாரண ரயில் சக்கரத்துக்கு உள்பக்கம் மட்டும் விளிம்பு இருக்கும். இவற்றுக்கு இரண்டு பக்கமும் விளிம்பு உண்டு. அதனால் தண்டவாளத்தை விட்டு இப்படியும் நழுவாது, அப்படியும் நழுவாது. பக்கவாட்டுச் சட்டத்தின் முனையில் இருக்கும் பெரிய சக்கரத்துக்கு விளிம்பு கிடையாது. அது சும்மா தெருவில் உருளுவது. வண்டியின் மொத்த எடையில் 95 விழுக்காடு போலத் தண்டவாளம் தாங்கும். மிச்சம் 5 விழுக்காடுதான் அந்தப் பெரிய சக்கரத்தின் மேல்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சரக்கோடு சேர்த்து ஒரு வண்டி 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளத்தின் மேல் 950 கிலோ, தெருச் சக்கரத்தின் மேல் 50 கிலோ. தண்டவாளத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் இடைவெளி ஐந்தடி என்று வைத்தால், எடையின் மையம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்துப் பக்கம் மூன்று அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். மூன்றே அங்குலம். அது தண்டவாளத்துக்கு நேர் மேலே வந்துவிட்டால் பெரிய சக்கரம் தரையில் அழுந்தாது, ஒரு குலுக்கலுக்கு எழும்பிவிடும். மையம் மறுபக்கம் ஓர் அங்குலம் போனால் போதும், வண்டி படுத்துவிடும்.

சாதாரண வண்டியில் சரக்கைச் சரிசமமாக அடுக்கினால் நல்லது. இதில் சரிசமமாக அடுக்கினால் வம்பு. கொஞ்சம் ஒருபக்கச் சாய்வோடு, ஆனால் அளவாக அடுக்க வேண்டும். ரொம்பச் சாய்த்து அடுக்கினால் பாரமெல்லாம் தெருச் சக்கரத்துக்குப் போய்விடும். அப்புறம் தண்டவாளம் போட்டதே வீண், மாட்டுவண்டியே ஓட்டியிருக்கலாம். அயர்லாந்தில் லிஸ்டோவல் முதல் பாலிபனியன் வரை 1888-லிருந்து 1924 வரை வேறு ஒரு மோனோரயில் ஓடியது. அது லார்டீக் முறை. உயரமான ஒரு தண்டவாளத்தின் இருபுறமும் பெட்டி தொங்கும், இரண்டு பக்கமும் எடை ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் கனமான சாமான் ஏற்றினால் மறுபக்கம் அதற்கு ஈடு வைக்க வேண்டிய தொந்தரவு. ஈவிங் அந்தத் தொந்தரவையே தலைகீழாக்கி, சமமின்மையை வேலைக்கு வைத்துவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்த இடம் இது.

வளைவுகளில் இன்னொரு சங்கதி. வண்டி திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் தள்ளும். பெரிய சக்கரம் வளைவின் வெளிப்பக்கம் இருந்தால் அந்தத் தள்ளல் சக்கரத்தின் மேல் விழும், நல்லதுதான். சக்கரம் உள்பக்கம் வந்துவிட்டால் தள்ளல் வெறும் காற்றுப் பக்கம். மலைப்பாதையில் வளைவு இரண்டு பக்கமும் மாறிமாறித்தான் வரும். மாடு நடக்கிற வேகத்தில் போனால் ஒன்றும் ஆகாது. வேகம் கூடினால்தான் ஆட்டம்.

இவ்வளவு சிக்கலோடு இதை எதற்குப் போட்டார்கள் என்றால், காசும் இடமும்தான் காரணம். ஒரு தண்டவாளம் என்றால் பாதிச் செலவு. பட்டியாலாவில் போட்ட தண்டவாளம் கெஜத்துக்கு 18 பவுண்டு, நம் கணக்கில் மீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ. இன்றைக்குப் பெரிய லைன்களில் போடுவது மீட்டருக்கு 60 கிலோ. இருக்கிற சாலையின் ஓரத்திலேயே பதித்துவிடலாம், தனிப் பாதை வெட்ட வேண்டியதில்லை. மற்ற வண்டிகள் அதன்மேல் ஏறிக் குறுக்கே போய்க்கொள்ளலாம். முக்கியமாக, இழுக்கிற மாட்டின் காலில் தண்டவாளமும் கட்டையும் இடறாது; அது தன்பாட்டுக்குச் சாலையில் நடக்கும். சேற்றில் வண்டி இழுப்பதற்கும் இரும்பின்மேல் இரும்பு உருள இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மாட்டைக் கேட்டால் சொல்லும்.

மூணாறு லைன்

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு வண்டிப்பாதை வெட்டினார்கள். அந்தப் பாதையோரமாகவே ஒற்றைத் தண்டவாளம். மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக, இன்றைக்கு டூரிஸ்ட் ஜீப்கள் வரிசைகட்டும் அதே பள்ளத்தாக்கு. இழுத்தவை மாடுகள். ஏற்றியது தேயிலை.

டாப் ஸ்டேஷனில் மலை முடிந்துவிடும். அதற்குக் கீழே தேனிப் பக்கம் செங்குத்தான இறக்கம். தேயிலைப் பெட்டிகளை அங்கே இறக்கி, ரோப்வேயில் மாட்டி, கீழே கொட்டகுடிக்கு விடுவார்கள். கொட்டகுடிக்குப் 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர் விழுந்தது. குரங்கணியிலிருந்து ஏறுகிற வழியில் நடுவே ஒரு ஊருக்கு இன்றும் 'சென்ட்ரல்' என்றுதான் பெயர். இன்றைக்கு ரயிலே இல்லாத மூன்று ஸ்டேஷன்கள் ஒரே மலைச்சரிவில்! மூணாறு அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். கீழே மெட்ராஸ் பிரசிடென்சி. தேயிலை கம்பியில் தொங்கியபடியே எல்லை கடந்தது. கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. அதற்கப்புறம் ரயில், கப்பல், இங்கிலாந்து.

போடிக்கே ரயில் வந்தது 1928-ல்தான். அப்போது குண்டளை லைன், அதாவது இந்த மூணாறு-டாப் ஸ்டேஷன் லைன், அழிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. சந்தித்திருந்தால் இந்த மலையின் கதையே மாறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன், அது என் ஆசை.

மோனோரயில் மூணாறில் ஆறே வருடம்தான் நிலைத்தது. 1908-ல் அதை எடுத்துவிட்டு, இரண்டு அடி அகலத்தில், இரட்டைத் தண்டவாளத்தோடு நேரோகேஜ் லைன் போட்டார்கள். சின்ன நீராவி என்ஜின்கள் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று முறையான ஸ்டேஷன்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பழைய படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வண்டிதான். மாடு இழுத்த மோனோரயில் என்று நினைத்துக்கொண்டு பலரும் இந்தப் படத்தைத்தான் பகிர்கிறார்கள்.

ஏன் மாற்றினார்கள்? தோட்டம் பெருகப் பெருகத் தேயிலையும் பெருகியது, மாட்டின் வேகம் போதவில்லை, அது ஒன்று. பிட்டர் என்ற முறையில் எனக்கு இன்னொரு காரணம் படுகிறது. தெருச் சக்கரத்தின் மேல் வரும் 5 விழுக்காடு பாரம் காய்ந்த கெட்டித் தரைக்குத்தான் சரி. ஜூன் பிறந்தால் மூணாறில் தரை என்று ஒன்று கிடையாது, சேறுதான். சக்கரம் நாலு அங்குலம் புதைந்தால் வண்டி மொத்தமும் அந்தப் பக்கம் சாயும். சாய்ந்தால் பாரம் இன்னும் அதிகமாக அந்தச் சக்கரத்துக்கு வரும்; இன்னும் புதையும். தண்டவாளத்துக்கு எந்தக் குறையும் இருக்காது. குறை எல்லாம் சாலைக்கு. வருடத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற மலையில், பாதி சாலையையும் பாதி தண்டவாளத்தையும் நம்பிய வண்டிக்கு ஆயுள் அவ்வளவுதான்.

எஸ்டேட்டில் இரும்பு வீணாவதில்லை. ஒரு மெஷின் போனால் அதன் ஷாப்ட் ஒரு பக்கம், வீல் ஒரு பக்கம், பிரேம் ஒரு பக்கம் என்று வேறு வேறு வேலைக்குப் போய்விடும். தண்டவாளத் துண்டு கிடைத்தால் கம்பமாகும், ஓடைக்குக் குறுக்கே பாலமாகும், கூரைக்கு உத்தரமாகும். மலைக்கு மேலே ஒரு கிலோ இரும்பைக் கொண்டுவருவதே பெரும்பாடு என்றிருந்த காலம். ஆறு வயதான வண்டியை அழகுக்காக யாரும் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கப் போவதில்லை. மோனோரயில் வண்டிகள் வெள்ளத்துக்கு முன்பே, 1908-ஐ ஒட்டியே பிரிந்துபோயிருக்கும் என்பது என் கணிப்பு.

மிஞ்சிய நேரோகேஜை 1924 ஜூலை வெள்ளம் கொண்டுபோனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளாவில் அதை இன்றைக்கும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்கள். மலைச்சரிவு மண்ணும் மரமும் மாட்டுப்பட்டியில் தண்ணீரை மறித்து, அந்தத் தடுப்பு உடைந்தபோது பள்ளத்தாக்கு துடைத்து எடுக்கப்பட்டது. ஆலுவாவிலிருந்து வந்த பழைய சாலையும் போனது. ரயிலை மறுபடி போடவில்லை. சாலைகள் வந்தன, 1935-ல் நேரியமங்கலம் பாலம் வந்தது, லாரி வந்தது. மேற்கே வழி திறந்ததும் போடிப் பக்கம் இறக்கிவிட வேண்டிய அவசியமும் குறைந்தது.

பட்டியாலா லைன்

இங்கே காரணமே வேறு. பட்டியாலா சமஸ்தானம் ராணுவத் தேவைக்காக ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகளைக் கட்டித் தீனி போட்டுக்கொண்டிருந்தது. போர் வந்தால்தான் வேலை. மற்ற நாளெல்லாம் சும்மா தின்றுகொண்டிருக்கும். அவற்றுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். கர்னல் பவுல்ஸ் என்ற பொறியாளர், வங்காள-நாகபுரி ரயில்வே கட்டியபோது ஈவிங் முறையைக் கையாண்டு பழகியவர். சாலையோரம் ஒற்றைத் தண்டவாளம் போட்டுக் கழுதைகளை இழுக்கவிடலாம் என்றார். 1907 பிப்ரவரியில் சர்ஹிந்துக்கும் பஸ்ஸிக்கும் இடையே முதல் பகுதி திறந்தது. அப்புறம் பட்டியாலாவிலிருந்து சுனாம் திசையில் இன்னொரு பகுதி. இரண்டும் ஒன்றோடொன்று சேராதவை. மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர் என்று கணக்கு.

பிறகு ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் கம்பெனியிடம் நான்கு நீராவி என்ஜின்கள் வாங்கினார்கள். சாதாரண ஆறு சக்கர என்ஜினில் ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் இது. மூன்று சக்கரம் வரிசையாக ஒரே தண்டவாளத்தில், பக்கத்தில் தாங்குசக்கரம். கொதிகலன், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றின் பாரத்தையும் நான் முன்பு சொன்ன அந்தச் சில அங்குலத் தள்ளலுக்குள் கொண்டுவர வேண்டும். தண்ணீர் தீரத் தீர எடை மாறும் என்பதையும் சேர்த்து யோசித்தால், வரைபடம் போட்டவருக்கு எத்தனை இரவு தூக்கம் போயிருக்கும் என்று தெரியும்.

மூணாறில் ஏற்றியது பெட்டிகளை. பட்டியாலாவில் ஆட்களையும் ஏற்றினார்கள், தானியத்தையும் ஏற்றினார்கள். தட்டையான சமவெளி, அதிகம் மழையில்லாத ஊர், கெட்டியான சாலை. ஈவிங் முறைக்கு வேண்டியது அத்தனையும் அங்கே இருந்தது. அதனால்தான் இருபது வருடம் தாக்குப்பிடித்தது. அதை முடித்தது மழையோ வெள்ளமோ இல்லை, மோட்டார் வண்டி. அதே சாலையில் பஸ்ஸும் காரும் ஓட ஆரம்பித்ததும் 1927 அக்டோபர் 1-ல் மூடிவிட்டார்கள்.

35 வருடம் கிடந்தது

மூடியபின் என்ஜின்களும் பெட்டிகளின் அடிச்சட்டங்களும் பட்டியாலாவில் பொதுப்பணித் துறையின் கொட்டகையில் ஒதுங்கின. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதாவது எதுவுமே நடக்காத பகுதி.

யோசித்துப் பாருங்கள். 1927-க்குப் பின் இரண்டாம் உலகப்போர் வந்தது. இரும்புக்கு அப்படி ஒரு கிராக்கி. நம் பக்கத்தில் மதுரை-போடி லைனின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள், திரும்பப் போடப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. பட்டியாலா கொட்டகையில் இருந்த இரும்பை யாரும் தொடவில்லை. 1947 வந்தது. 1948-ல் பட்டியாலாவும் பக்கத்துச் சமஸ்தானங்களும் சேர்ந்து பெப்சு என்ற மாநிலமாயின. 1956-ல் அந்த மாநிலமும் பஞ்சாபில் கரைந்தது. மூன்று அரசாங்கம் மாறியும் கொட்டகை அதே இடத்தில். ஒவ்வொரு மாற்றத்திலும் சொத்துப் பட்டியல் எடுத்திருப்பார்கள், பழைய சாமான்களை ஏலத்தில் விட்டிருப்பார்கள். இந்த என்ஜின்களை மட்டும் ஏலத்துக்கு அனுப்ப எந்த அதிகாரியும் மெனக்கெடவில்லை. அரசு அலுவலகத்தின் சோம்பலை நாம் வாழ்நாள் முழுவதும் திட்டுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் அதற்குக் கும்பிடு போடலாம்.

காய்ந்த காற்றும் கைகொடுத்தது. அதே என்ஜினை மூணாறில் ஒரு கொட்டகையில் முப்பத்தைந்து வருடம் போட்டிருந்தால் ரிவெட் தலைகள் உதிர்ந்து, தகடு விரல் பட்டாலே பொடியும் நிலைக்கு வந்திருக்கும். கொழுந்து வாட்டும் தொட்டியின் இரும்புச் சட்டத்துக்கு ஒவ்வொரு மழைக்கு முன்னும் பெயின்ட் அடித்தும் துருவை ஜெயிக்க முடியாத ஊர் இது.

1962-ல் மைக் சாட்டோ என்ற ரயில் வரலாற்று ஆர்வலர் அந்தக் கொட்டகையில் இவற்றைக் கண்டுபிடித்தார். ஐசிஐ என்ற ரசாயனக் கம்பெனியின் இந்தியப் பொறுப்பில் இருந்த ஆங்கிலேயர் அவர்; டெல்லி அருங்காட்சியகம் உருவானதில் ஆலோசகராக அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1971-ல் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி அடிக்கல் நாட்டி, 1977 பிப்ரவரி 1-ல் அருங்காட்சியகம் திறந்தது. நான்காம் எண் என்ஜினை வடக்கு ரயில்வேயின் அமிர்தசரஸ் பட்டறையில் பிரித்துச் சீர்செய்து ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு என்ஜின் அமிர்தசரஸ் பட்டறையிலேயே காட்சிப் பொருளாக நின்றுவிட்டது.

எது பழசு, எது புதுசு

இனி பெட்டிக்கு வருவோம். என்ஜினைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பெட்டியைப் பற்றி ஒரு வரிக்கு மேல் போவதில்லை, ஆனால் கேள்விகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

இன்று நிற்பது, தலைமைப் பொறியாளரின் சொந்த ஆய்வுப் பெட்டி போல அமைத்தது. கிடைத்தது ஒரு பழைய அடிச்சட்டம். அதன் மேலே உள்ள உடம்பைப் பட்டறையில் புதிதாக எழுப்பினார்கள். நம் ஊர் லாரிக்காரர்கள் பாஷையில் சொன்னால், பழைய சேசிஸில் புதுப் பாடி கட்டிய வண்டி.

இதைக் குறை என்று நான் சொல்லவில்லை. மரம் முப்பத்தைந்து வருடம் தாங்காது. உடம்பு கட்டாவிட்டால் அங்கே ஒரு துருப்பிடித்த சட்டம்தான் கிடந்திருக்கும், என் தங்கச்சி மகன் நின்று கேள்வி கேட்டிருக்க மாட்டான். சாட்டோவே பின்னாளில் இங்கிலாந்தில், 1975-ம் ஆண்டு ஸ்டாக்டன்-டார்லிங்டன் ரயில் பாதையின் 150-வது ஆண்டு விழாவுக்காக, ஸ்டீபன்சனின் 'லோகோமோஷன்' என்ஜினை அச்சு அசலாகப் புதிதாகச் செய்ய வைத்தவர். அசல் ஒரு பக்கம் பத்திரமாக இருக்கட்டும், ஓட்டிக்காட்ட நகல் இருக்கட்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. அசல் எது, நகல் எது என்று அங்கே யாருக்கும் குழப்பமில்லை. இங்கேயோ அசல் கீழேயும் நகல் மேலேயுமாக ஒரே வண்டியில் இருக்கிறது. பார்க்கிறவர் எல்லாவற்றையும் 1907 என்று நினைத்துக்கொண்டு போகிறார்.

என் கணக்கில், இந்தப் பெட்டியின் சரித்திர மதிப்பு மேலே உள்ள மரத்தில் இல்லை. அடிச்சட்டத்தில் இருக்கிறது. பக்கவாட்டுச் சட்டம் அடியில் எங்கே இணைகிறது, எத்தனை தூரம் நீள்கிறது, சின்னச் சக்கரங்களின் விளிம்பு எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பவருக்கு, அந்த வண்டி இருபது வருடம் எப்படி ஓடியது என்று இரும்பே சொல்லும். அருங்காட்சியகத்தில் நான் குனிந்து பார்த்ததற்கு அதுவே காரணம். காவலாளி ஒரு மாதிரி பார்த்தார். பரவாயில்லை.

இன்னொரு குறை உண்டு, அதை மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அடிச்சட்டத்தின் மேல் எந்த வகைப் பெட்டியையும் கட்டியிருக்கலாம், தேர்ந்தெடுத்தது பெரிய அதிகாரியின் பெட்டியை. சந்தைக்கும் கோர்ட்டுக்கும் போன சாதாரண ஜனங்கள் உட்கார்ந்த பெட்டி அங்கே இல்லை. இது பட்டியாலாவோடு நிற்கிற பழக்கமில்லை. அதே அருங்காட்சியகத்தில் வேல்ஸ் இளவரசருக்குச் செய்த சலூன் (சொகுசுப் பெட்டி) இருக்கிறது, மைசூர் மகாராஜாவின் சலூன் இருக்கிறது. ராஜா ஏறிய பெட்டிக்கு எப்போதும் கொட்டகை கிடைக்கும். நம் எல்லையில் செங்கோட்டை-புனலூர் மீட்டர்கேஜ் 1904-லிருந்து நூறு வருடத்துக்கு மேல் ஓடி 2010 செப்டம்பரில் நின்றது. ஆரியங்காவுச் சுரங்கம், பதின்மூன்று கண்ணறைப் பாலம் என்று அந்த லைனைப் பற்றிப் பேசாத ஆளில்லை. காய்கறிக் கூடையும் கோழியுமாக ஜனம் நெருக்கியடித்துப் போன சாதாரணப் பெட்டிகளைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஓட்டிப் பார்ப்பது

டெல்லி வண்டியின் பெரிய பலம், அதை வெறும் பொம்மையாக நிறுத்தாததுதான். அருங்காட்சியக வளாகத்திலேயே ஒற்றைத் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு, நீராவி ஏற்றி, பெட்டியோடு சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள். நிற்கிற வண்டியைப் பார்த்தால் ஈவிங் முறை ஒரு விநோதம். ஓடும்போது பார்த்தால்தான் அது ஒரு தீர்வு என்று புரியும்.

ஆனால் வட்டப்பாதையில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. ஒரே திசையில் சுற்றும்வரை வளைவு எப்போதும் ஒரே பக்கம்தான். தாங்குசக்கரத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒருமுறை முடிவு செய்தால் முடிந்தது. இடமும் வலமுமாக மாறிமாறி வளையும் குண்டளைப் பாதையில் மாடு ஓட்டியவருக்கு அந்த வசதி இல்லை. டெல்லியில் ஓடுவதை வைத்து மூணாறில் எப்படி ஓடியிருக்கும் என்று முடிவுக்கு வர முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். இறக்கத்தில் மாட்டை முந்தி வண்டி ஓடாமல் எப்படிப் பிடித்தார்கள், மழையில் என்ன செய்தார்கள் என்பதற்கெல்லாம் வட்டப்பாதை பதில் சொல்லாது.

மூணாறில் இன்று

நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் குண்டளை ரயிலின் சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது 1908-க்குப் பிந்தைய நேரோகேஜ் ரயிலுடையது. பழைய மூணாறு ஸ்டேஷன் கட்டடம் இப்போது தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். டாப் ஸ்டேஷனில் ரோப்வேயின் அடித்தளம் புதரோடு கிடக்கிறது. செல்பி எடுக்க வருபவர்கள் அதன்மேல் ஏறி நின்றுதான் எடுக்கிறார்கள், எதன்மேல் நிற்கிறோம் என்று சொல்ல ஆள் வேண்டும். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டிக்கு மறுபடி குட்டி ரயில் விடலாம் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பி அடங்குகிறது.

குட்டி ரயில் வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் அது வந்தாலும் வருவது இரட்டைத் தண்டவாள ரயிலின் நினைவாகத்தான் இருக்கும். 1902-ன் வண்டிக்கு அதில் இடமில்லை. அதற்கு வேண்டியது பெரிய பட்ஜெட்டும் இல்லை. நல்லதண்ணியில் இருபதடிக்கு ஒற்றைத் தண்டவாளம், அதன்மேல் ஒரு மரப்பலகை வண்டி, பக்கத்தில் ஒரு தாங்குசக்கரம், நாலு காலித் தேயிலைப் பெட்டி. அளவெடுக்க டெல்லியில் அசல் அடிச்சட்டம் நிற்கிறது. மலைக்கேற்ப மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். வார்ப்புச் சக்கரம் தவிர மிச்சத்தை எந்த எஸ்டேட் ஒர்க்ஷாப்பிலும் செய்துவிடலாம். வருகிற பிள்ளைகளிடம் பெட்டிகளைக் கொடுத்து, கவிழாமல் அடுக்கச் சொல்ல வேண்டும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இந்த வண்டி எந்த வருடம் செய்தது, யார் செய்தது, எதைப் பார்த்துச் செய்தது என்று அதன்மேலேயே, கண்ணில் படுகிற இடத்தில், தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஆணியடித்துவிட வேண்டும்.